ரத்தம் வருகிற ஈறைத்தான் விடாமல் தேய்க்க வேண்டும்

இரவில் பல் விளக்காமல் படுப்பது, முள் வளைந்த பிரஷ்ஷை வருடக்கணக்கில் வைத்திருப்பது எல்லாம் தவறு என்று எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம். வாய் நாற்றத்துக்காகப் புதிதாக அக்கறை எடுப்பவர்கள் வழுக்குகிற இடங்கள் வேறு.

ரத்தம் வந்த இடத்தைத் தொடாமல் விடுவது

துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். "அங்க புண்ணாயிருக்கு, ரெண்டு நாள் விடுவோம்" என்று அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் இரண்டு மாதமாகும். அதற்குள் ஈறு தடித்துச் சிவந்து, கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சள் காரை வரிசையாகப் படிந்திருக்கும்.

நல்ல ஈறு மென்மையான பிரஷ்ஷுக்கு ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வழவழப்பாகப் படிந்த கிருமிப் படலம்தான் பெரும்பாலும் காரணம். தேய்க்காமல் விட்டால் படலம் கூடும். படலம் கூடினால் ரத்தமும் கூடும். 1965-ல் டென்மார்க்கில் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் சுத்தத்தை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியானது.

நாட்பட்ட படலம் காரையாக இறுகும். அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, பல் மருத்துவர்தான் கிளீன் பண்ணி எடுக்க வேண்டும். ஈறு பல்லைவிட்டு விலகி 4 மி.மீ.க்கு மேல் பள்ளமானால், காற்றுப்படாத கிருமிகள் அங்கே கந்தக வாயுக்களை உண்டாக்கும். அழுகிய முட்டை போன்ற வாடை அதுதான். ஏலக்காய் மென்றால் கால் மணி நேரம் மறையும், அவ்வளவே.

இந்தக் கட்டத்தில் காதில் விழுவதுதான் எரிச்சலைக் கிளப்பும்: "கிளீன் பண்ணினா பல் ஆடும்." பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. பழி மட்டும் கிளீனிங் மேல். கரைந்த எலும்பு தானாக வளராது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் விலை அங்கேதான்.

செய்ய வேண்டியது: மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, முட்கள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று பற்களாக எடுத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாகப் பத்து தடவை அசைத்துத் தேயுங்கள். மொத்தம் 2 நிமிடம். உட்புறத்தை மறக்கக் கூடாது. தினம் ஒருமுறை பல்லிடுக்கில் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ. முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளிகள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். புகைப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே வரும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

மவுத்வாஷ் போதும் என்று இருப்பது

ஒட்டியிருக்கும் படலத்தைக் கொப்பளித்துப் பெயர்க்க முடியாது. மருத்துவர் 0.2% குளோர்ஹெக்சிடின் (கிருமிக்கொல்லி மவுத்வாஷ்) எழுதிக் கொடுத்திருந்தால் பேஸ்ட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் விட்டு 10 மி.லி. கொப்பளியுங்கள், பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேகத்தைக் கெடுக்கும். நீங்களாகவே மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

எலுமிச்சை ஜூஸ் குடித்த கையோடு பல் விளக்குவது

அரை மணி நேரம் பொறுங்கள்.

தேய்த்ததும் தண்ணீர்விட்டு அலசுவது

பேஸ்ட்டில் பல்லைக் காக்கிற ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். நுரையைத் துப்பினால் போதும்.

நாக்கின் நுனியை மட்டும் வழிப்பது

வெள்ளைப் படலம் தடித்திருப்பது பின்பக்கத்தில். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி பின்னாலிருந்து முன்னால் மூன்று நான்கு இழுப்பு. அப்படிச் செய்தால் குமட்டல் குறையும்.