பிறப்புரிமையியலைக் குடியிலிருந்து தொடங்குங்கள்

உயர்தர வகுப்புக்குப் பிறப்புரிமையியல் (இயல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் விதத்தைப் படிப்பது) எடுக்கும்போது நாம் எல்லோரும் நேரே மெண்டலின் பட்டாணிக்குப் போய்விடுகிறோம். பாடத்திட்டம் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வளர்ந்த பிள்ளை பட்டாணிச் செடியைக் கண்டிருக்காது. அதே பிள்ளைக்குத் தன் குடி (தாய்வழியாக வரும் குலம்) என்ன, தகப்பனின் குடி என்ன, யாரைக் கலியாணம் முடிக்கலாம், யாரை முடிக்கக் கூடாது என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள், தமிழரோ முஸ்லிம்களோ, ஒரு பரம்பரை விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள். அதிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதல் பாடத்தில் கலைச்சொல் ஒன்றும் வேண்டாம். கரும்பலகையில் மூன்று தலைமுறைக் குடும்ப மரம் ஒன்று வரையுங்கள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். அம்மம்மா, அவருடைய மகள், மகன், அவர்கள் முடித்த ஆட்கள், பேரப்பிள்ளைகள். ஊரில் உள்ள குடிப் பெயர்களை எழுத வேண்டாம். எந்தக் குடி பெரிது என்ற பேச்சு வகுப்புக்குள் வந்தால் பாடம் அதோடு போயிற்று. சிவப்புக் குடி, நீலக் குடி, பச்சைக் குடி என்று நிறச் சோக்கால் காட்டினால் போதும். அம்மம்மாவைச் சிவப்பாக்கிவிட்டு, "இனி யாரெல்லாம் சிவப்பு? வந்து தீட்டு மகள்" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிழையில்லாமல் தீட்டுவார்கள். மகளும் சிவப்பு, மகனும் சிவப்பு. மகளின் பிள்ளைகள் சிவப்பு. மகனின் பிள்ளைகள் மட்டும் மருமகளின் நிறம்.

இப்போது சொல்லுங்கள்: கலத்துக்குச் சக்தி கொடுக்கும் சிறு உறுப்பான இழைமணியில் (மைற்றோகொண்ட்ரியா) உள்ள டிஎன்ஏ போகும் பாதையும் இதுதான். முட்டையில் இருக்கும் இழைமணிகள்தான் பிள்ளைக்கு வருகின்றன, விந்தில் உள்ளவை தங்குவதில்லை. ஆகவே ஆண் தன் தாயின் இழைமணியோடு வாழ்வான், தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்க மாட்டான். கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) பொறுப்பு மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும் பழைய வழக்கத்தை இங்கே நினைவூட்டலாம். மாமனுக்கும் மருமகனுக்கும் இழைமணி ஒன்று, தகப்பனுக்கும் மகனுக்கும் வேறு. குடி என்பது சமூகம் செய்துகொண்ட ஏற்பாடு, அது பரம்பரை அலகு (ஜீன்) அல்ல என்பதையும் அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒத்துப்போவது பாதை மட்டும்தான்.

அப்புறம் அந்த மரத்தின் பக்கத்திலேயே இன்னொன்று வரைந்து, வை நிறமூர்த்தம் (நிறமூர்த்தம் என்பது பரம்பரை அலகுகளைச் சுமக்கும் இழை) தகப்பனிலிருந்து மகனுக்கு மட்டும் போவதைத் தீட்டச் சொல்லுங்கள். அது ஐந்து நிமிட வேலை. மூன்றாவது மரம்தான் முக்கியம். அம்மம்மாவிடம் ஒரு சாதாரண நிறமூர்த்தத்தில் ஓர் எதிருரு, அதாவது ஒரு பரம்பரை அலகின் ஒரு வடிவம், இருக்கிறது. அது யாருக்குப் போகும்? வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் இதற்கு ஊரில் விதி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டித்தான் முடிவெடுக்க வேண்டும். தலை விழுந்தால் தீட்டு, பூ விழுந்தால் விடு. நான்கு குழுக்கள் சுண்டினால் நான்கு விதமான மரம் வரும். எழுந்தமானம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் உணர்கிறார்கள்.

அடுத்தது ஒடுக்கற்பிரிவு, அதாவது முட்டையும் விந்தும் உருவாகும்போது நிறமூர்த்தங்கள் பாதியாகப் பிரிவது. ஏற்கனவே படித்ததுதான் என்று தாண்டிப் போகாதீர்கள். இரண்டு நிறக் கம்பளி நூலை மேசையில் வைத்து, அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் (தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வந்த சோடி) பிரிவதைக் கையால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாத வகுப்பில் பனெட் சதுரத்தை (பெற்றோரின் எதிருருக்கள் சேரும் விதங்களைக் காட்டும் கட்டம்) கொடுத்தால் அது வெறும் கட்டம் நிரப்பும் வேலையாகிவிடும்.

இனி நெல்லுக்கு வரலாம். பெரும்போகத்தில் கதிர் வரும் காலம் என்றால் மிக நல்லது. பாதி வெளியே வந்த கதிர் ஒன்றைக் காலையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பூவின் நுனியில் மூன்றிலொரு பங்கைச் சிறு கத்தரியால் வெட்டிவிட்டு உள்ளே பார்த்தால் ஆறு மகரந்தக்கூடுகள் தெரியும். நடுவில் இறகு மாதிரி இரண்டு குறிகள். சாமணத்தால் அந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்துவிடக்கூடும். கை நடுங்காமல் இதைச் செய்து முடிக்கும் பிள்ளைக்கு, மெண்டல் 1856 முதல் 1863 வரை இன்றைய செக் நாட்டின் புறூண் மடத்துத் தோட்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்டாணியும் நெல்லைப் போலத் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதுதான். இரண்டு பெற்றோரைக் கலக்க வேண்டுமென்றால் முதலில் ஒன்றின் மகரந்தக்கூடுகளை அகற்றியே ஆக வேண்டும்.

நெல்லிலேயே ஓர் ஒருகலப்பு (ஒரே ஓர் இயல்பைப் பார்க்கும் கலப்பு) இருக்கிறது. 1962இல் பிலிப்பைன்சின் லொஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பேட்டா என்ற நெட்டை நெல்லையும் தாய்வானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று குட்டை. அந்தக் குட்டைகளிலிருந்து வந்ததுதான் 1966இல் வெளியான ஐஆர் 8 என்ற நெல்லினம். நெட்டைக்கு நெ, குட்டைக்கு கு என்று எழுதியே இதைச் செய்து பாருங்கள், பரீட்சைக்குரிய எழுத்துக்களைப் பிறகு பழக்கலாம்.

இந்த உதாரணத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஆட்சியான இயல்பென்றால் அதுதான் சனத்தொகையில் கூடுதலாக இருக்கும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். வயலைக் காட்டுங்கள். குட்டைத்தன்மை பின்னிடைவானது, அதாவது நெட்டை எதிருருவோடு சேர்ந்தால் மறைந்துவிடும், ஆனால் வயலில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது குட்டை நெல்தான். பசளை போட்டால் நெட்டை நெல் சாய்ந்துவிடும், அதனால் மனிதர்கள் குட்டையைத் தெரிவு செய்தார்கள். ஆட்சி என்பது ஒரு தாவரத்துக்குள் இரண்டு எதிருருக்கள் சந்திக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பது. எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிவின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாமல் அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

விகிதத்துக்குச் சிவப்புக் கௌப்பியும் வெள்ளைக் கௌப்பியும் எடுங்கள். விரலுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பார்க்காமல் எடுக்க வசதி. இரண்டு பையிலும் சம அளவு சிவப்பும் வெள்ளையும். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்று எடுத்து, சோடியைக் குறித்துக்கொண்டு, திரும்ப அதே பையில் போட வேண்டும். பத்துத் தடவையில் விகிதம் கன்னாபின்னாவென்று வரும், பிள்ளைகள் ஓடிவந்து "பிழைச்சிட்டு டீச்சர்" என்பார்கள். திருத்த வேண்டாம். வகுப்பு முழுவதன் எண்களையும் பலகையில் கூட்டுங்கள், 1:2:1க்குக் கிட்ட வந்து நிற்கும். சிவப்பை ஆட்சியானது என்று வைத்தால் அதுவே 3:1. அதன் பிறகு மெண்டலின் எண்களை எழுதுங்கள்: உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. நெட்டை 787, குட்டை 277. முதலாவது 2.96, இரண்டாவது 2.84. கூட எண்ணினால் ஏன் 3க்குக் கிட்டப் போகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

பனெட் சதுரம் போடும்போது ஒரே ஓர் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். தலைப்பு வரிசையில் ஒரு கட்டத்துக்கு மேலே நெயும் குவும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா? ஒரு புணரிக்குள் (இனப்பெருக்கக் கலத்துக்குள்) ஒரு இயல்புக்குரிய இரண்டு எதிருருக்களையும் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படி எழுதும் பிள்ளையிடம் திரும்பக் கம்பளி நூலைக் கொடுங்கள். இருகலப்பில் (இரண்டு இயல்புகளைச் சேர்த்துப் பார்க்கும் கலப்பு) வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

நாக்கை உருட்டுவதை ஒற்றைப் பரம்பரை அலகின் உதாரணமாக எடுக்காதீர்கள். 1940இல் அதைச் சொன்ன அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் ஸ்ரேட்டவன்ற், ஒத்த இரட்டையரிலேயே ஒருவர் உருட்டுகிறார், மற்றவர் உருட்டவில்லை என்று 1952இல் காட்டப்பட்ட பிறகு, தானே அதைக் கைவிட்டார். வீட்டில் போய் அம்மா அப்பாவின் குருதி வகையைக் கேட்டுக்கொண்டு வா என்ற ஒப்படையும் வேண்டாம். போரிலும் 2004 சுனாமியிலும் பெற்றோரை இழந்த வீடுகள் இங்கே எத்தனை. வளர்ப்புப் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருப்பார்கள். ஒரு பிள்ளையின் வீட்டைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கில்லை. கற்பனைக் குடும்பம் போதும்.

கடைசிப் பாடத்துக்கு அந்த முதல் நாள் மரத்தையே எடுக்கிறேன். மகனின் மகளும் மகளின் மகனும் வேறு வேறு குடி, முறை மச்சான் மச்சாள், கலியாணம் செய்யலாம். அம்மம்மா தலசீமியா (பரம்பரையாக வரும் குருதி நோய்) போன்ற ஒரு பின்னிடைவான நோயின் காவி, அதாவது தனக்கு நோயில்லாமலே அதன் எதிருருவைச் சுமப்பவர், என்று வையுங்கள். இரண்டு பேரப்பிள்ளைகளும் அதைப் பெறும் வாய்ப்பு 16இல் 1. இருவரும் காவிகளானால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. மொத்தம் 64இல் 1. அதே பேரன் சொந்தமில்லாத ஒருத்தியை முடித்தால்? ஊரில் நூறு பேரில் ஒருவர் காவி என்று வைத்துக்கொண்டு கணித்தால் 1600இல் 1. குடி வேறென்றால் சொந்தம் விட்டுப்போனது என்று நினைப்போம், ஆனால் பரம்பரை அலகு தாய் வழி, தகப்பன் வழி இரண்டாலும் இறங்கி வருகிறது.

இதை எடுக்கும்போது குரலில் கண்டிப்பு இருக்கக் கூடாது. எதிரே இருக்கும் சிலரின் பெற்றோர் மச்சான் மச்சாளாக இருப்பார்கள். 64இல் 63 என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று என்றால் மூன்று பிள்ளை சுகமாகப் பிறந்தால் நாலாவதுக்கு வரும் என்பதல்ல, ஒவ்வொரு பிறப்புக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். கலியாணத்துக்கு முன் குருதிப் பரிசோதனையில் தலசீமியாக் காவியைக் கண்டுபிடிக்கலாம் என்ற தகவல், புள்ளிகளுக்கு அப்பால் அவர்கள் வாழ்க்கைக்கு வேண்டியது.

பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து தம்பியின் வருத்தத்தைப் பற்றிக் கேட்கும். கதவைச் சாத்தாமல், ஆனால் மற்றவர் காதில் விழாமல், உட்காரவைத்துக் கேளுங்கள். நோய் இன்னதென்று நீங்கள் சொல்ல வேண்டாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.