கவராயமும் அடிமட்டமும் போதும்: முக்கோணி வரைவோம்

சாதாரண தரக் கணிதத்தில் அமைப்பு வினாவை, அதாவது கவராயத்தால் உருவம் வரையும் வினாவை, கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடும் பிள்ளைகள் எங்கள் ஹட்டன் பக்கத்திலும் உண்டு. எனக்கு அது வீண் பயமாகத்தான் படுகிறது. பாகைமானியைத் தூக்கி வையுங்கள், பென்சிலை நன்றாகக் கூராக்குங்கள், கவராயத்தின் திருகாணியை இறுக்குங்கள். மழைக்காலத்தில் இங்கே கொப்பித் தாள் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிடும். முள் குத்திய துளை பெருத்து, மையமே நகர்ந்துவிடும். அதனால் கொப்பிக்குக் கீழே ஒரு பழைய அட்டையை வையுங்கள்.

பக்கங்கள் 8, 5, 7 செ.மீ. உள்ள முக்கோணியை வரைவோம்.

முதலில் 8 செ.மீ.க்குக் கூடுதலாக ஒரு கோடு. அதில் ஏ என்ற புள்ளியைக் குறித்து, கவராயத்தை 8 செ.மீ. விரித்து வெட்டினால் பீ கிடைக்கும். அடிமட்டத்தின் முனை தேய்ந்திருந்தால் 1இலிருந்து 9 வரை விரியுங்கள்.

அடுத்து ஏயில் முள்ளை வைத்து 5 செ.மீ. வில் ஒன்று. பீயிலிருந்து 7 செ.மீ. வில் இன்னொன்று, இதைக் கொஞ்சம் நீளமாகவே போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் சீ. ஏசீ, பீசீ இரண்டையும் இணைத்தால் வேலை முடிந்தது. வில்களை அழிக்க வேண்டாம், பரீட்சைப் புள்ளிகள் அவற்றுக்கும்தான். 7க்குப் பதில் 2 என்றால் வில்கள் சந்திக்கவே மாட்டா. 5உம் 2உம் சேர்ந்தாலும் 8ஐ எட்டாதே.

சரி, இனி 60 பாகை. ஏயை மையமாக்கி, 5 செ.மீ.க்குக் குறையாத ஏதோ ஓர் ஆரையில் ஏபீயை வெட்டும் பெரிய வில் போடுங்கள். வெட்டிய இடத்துக்கு முள்ளை மாற்றி, விரிவை மாற்றாமல் அந்த வில்லையே வெட்டுங்கள். அந்தப் புள்ளியை ஏயோடு இணைத்தால் 60 பாகை. அங்கே ஒரு சமபக்க முக்கோணி ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். அந்தக் கோடு சீ வழியாகவே போகும். சீயிலிருந்து ஏபீக்குச் செங்குத்து இறக்கினால் அது ஏயிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் விழும். 2.5 என்பது 5இன் பாதி, 60 பாகைக்கு அதுதான் அடையாளம். போகவில்லை என்றால் எங்கேயோ கவராயம் நழுவியிருக்கிறது.

அப்புறம், பீயிலிருந்து போட்ட 7 செ.மீ. வில்லை ஏ பக்கமாக இன்னும் நீட்டிப் பாருங்கள். 60 பாகைக் கோட்டை அது ஏயிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இன்னொரு முறை வெட்டும். அதாவது ஏபீ 8, பீசீ 7, கோணம் ஏ 60 பாகை என்று மட்டும் கேட்டால் விடையாக இரண்டு முக்கோணிகள் வரும்.