போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காதபோது எங்கே பார்ப்பது

வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வரும் இணைப்பை வீட்டிலுள்ள ஒரு கணினிக்கு அனுப்பும்படி ரவுட்டரில் எழுதும் விதியே போர்ட் ஃபார்வர்டிங். அப்படி வீட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்த பின்பும் வெளியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை என்றால், விதியை அழித்து மீண்டும் எழுதுவதற்கு முன், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வான் (WAN, அதாவது இணையப் பக்க) ஐபி முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடும்போது கிடைக்கும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமலேயே ஒரு மாலைப்பொழுதை வீணாக்குகிறார்கள். ரவுட்டரில் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அப்போது ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பெறுவதே நேர்வழி. ரவுட்டரில் உள்ள முகவரி 192.168 என்று தொடங்கினால், முன்னால் உள்ள ஃபைபர் மோடமும் ரவுட்டராக இயங்குகிறது என்று கொள்ளலாம். அந்த மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்ற வேண்டும்.

இரு முகவரிகளும் ஒன்றாக இருந்தால், விதியில் குறித்த உள் முகவரி இன்னும் அதே கணினிக்கு உரியதுதானா என்று பார்த்து, அதை ரவுட்டரின் டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் வசதி) அமைப்பில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள். விதியில் உள்ள நெறிமுறையும் (டிசிபி அல்லது யுடிபி) பொருந்த வேண்டும்: எடுத்துக்காட்டாக, மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு இயல்பாக 25565 டிசிபியையும், பெட்ராக் பதிப்பு 19132 யுடிபியையும் பயன்படுத்துகின்றன. கணினியின் ஃபயர்வாலிலும் அனுமதி தேவை.

சோதிக்கும்போது சர்வர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வரும் இணைப்பை ஏற்க நிரல் எதுவும் இயங்காத போர்ட் மூடியதாகவே தெரியும். அதே வைஃபையிலிருந்து சோதிக்காமல், கைபேசியின் மொபைல் டேட்டா வழியாகச் சோதியுங்கள். உள்ளிருந்து தன் பொது முகவரிக்கு வரும் இணைப்பைச் சில ரவுட்டர்கள் ஏற்பதில்லை.