அமெரிக்க எண்ணெய் அரசியல்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அடுத்த மாதமே அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, 1980-க்குள் அமெரிக்கா எரிபொருளுக்காக எந்த வெளிநாட்டையும் நம்பியிருக்காது என்றார். 1980 வந்தது, போனது. பின்னால் வந்த அதிபர்களும் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் இதையே சொல்லிவிட்டார்கள். இன்று உலகிலேயே அதிகம் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். 2024-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 1.3 கோடி பீப்பாய்க்கும் மேல். ஆனாலும் பெட்ரோல் விலை ஏறினால் அதே பழைய சண்டை, அதே பழைய தவறுகள். இரண்டு கட்சிக்காரர்களும் செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு ஒன்று உண்டு: உள்நாட்டில் அதிகம் எடுத்தால் உள்நாட்டில் விலை குறையும் என்பது. எண்ணெய்க்கு விலை வைப்பது உலகச் சந்தை. டெக்சாஸில் எடுத்தவர், அதிக விலை தருபவர் எங்கே இருந்தாலும் அவருக்கு விற்பார். 2020 முதல் அமெரிக்கா பெட்ரோலியப் பொருள்களை மொத்தக் கணக்கில் இறக்குமதியைவிட அதிகமாக ஏற்றுமதி செய்கிறது. அப்படி இருந்தும், உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 ஜூனில் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலின் தேசியச் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியது. கனடாவும் தன் தேவையைப் போல் இரு மடங்கு எண்ணெய் எடுக்கும் நாடு. அங்கும் அந்த ஆண்டு விலை எகிறத்தான் செய்தது. அமெரிக்கா கூடுதலாக எடுப்பது உலக விலையைக் கொஞ்சம் கீழே இழுக்கும், அது உண்மை. ஆனால் அந்த லாபத்தை எண்ணெய் வாங்கும் எல்லா நாடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

"அப்படியானால் ஏற்றுமதியைத் தடை செய்தால் போச்சு" என்பது அடுத்து வரும் வாதம். இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1975-இல் ஒரு சட்டம் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குப் பூட்டுப் போட்டது. சில விலக்குகளோடு 2015 டிசம்பர் வரை அது நீடித்தது. ஷேல் எனப்படும் இறுகிய படிவுப் பாறைகளிலிருந்து எண்ணெய் கொட்டத் தொடங்கியபோது, வெளியே போக வழியில்லாததால் அமெரிக்கக் கச்சா எண்ணெய் உலக விலையைவிட மலிவாகக் கிடைத்தது. பெட்ரோல் மலிந்ததா? 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகளும் சராசரி விலை கேலனுக்கு 3.50 டாலருக்கு மேல். தடை கச்சா எண்ணெய்க்குத்தான். சுத்திகரித்த பெட்ரோலையும் டீசலையும் தாராளமாக வெளியே விற்கலாம். ஆகவே அவற்றின் விலை உலக விலையை ஒட்டியே நின்றது. மலிவாக வாங்கி உலக விலைக்கு விற்ற சுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் யோகம். தடையை நீக்கக் கூடாது என்று சில ஆலைகள் ஏன் அவ்வளவு மும்முரமாக எதிர்த்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதோடு ஒட்டியதுதான் "இவ்வளவு எடுக்கும் நாடு ஏன் இன்னும் இறக்குமதி செய்கிறது?" என்ற கேள்வி. கேள்வியில் தப்பில்லை, அதற்குச் சதி என்று பதில் சொல்வதுதான் தப்பு. எல்லாக் கச்சா எண்ணெயும் ஒன்றல்ல. ஷேல் எண்ணெய் இலேசானது, கந்தகம் குறைந்தது. ஆனால் மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள பெரிய ஆலைகள் பலவும், ஷேல் வருவதற்கு முன்பே, வெனிசுலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வரும் கனமான, கந்தகம் மிகுந்த எண்ணெய்க்காகக் கோடிக்கணக்கான டாலர் செலவில் மாற்றி அமைக்கப்பட்டவை. கனமான எண்ணெய் மலிவு; அதைப் பிரித்தெடுக்கும் கருவிகளில் பணத்தைப் போட்டுவிட்டு இலேசான எண்ணெயை மட்டும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் இலேசானது ஏற்றுமதியாகிறது, கனமானது உள்ளே வருகிறது. அந்த இறக்குமதியில் பாதிக்கு மேல் கனடாவிலிருந்து வருகிறது.

ஊருக்கு ஊர் இருக்கும் வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. டெக்சாஸ் எண்ணெய் வயல்களிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கச்சா எண்ணெய்க் குழாய்த்தடம் இல்லை. அந்த மாநிலம் கப்பலில் வரும் வெளிநாட்டு எண்ணெயைத்தான் பெரிதும் நம்புகிறது. சரி, டெக்சாஸிலிருந்து கப்பலில் அனுப்பலாமே என்றால், 1920-இல் வந்த ஜோன்ஸ் சட்டம் குறுக்கே நிற்கிறது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், உரிமையாளரும் பெரும்பாலான மாலுமிகளும் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கப்பல்கள் குறைவு, வாடகை அதிகம்.

அடுத்தது, உற்பத்தி ஏறினால் அதிபருக்கு மாலை, இறங்கினால் அதிபருக்கு வசவு. உற்பத்தி 2008-இல் நாளுக்கு 50 லட்சம் பீப்பாய்; 2015-இல் 90 லட்சத்துக்கு மேல். பெரும் பகுதி ஒபாமா காலம், ஆனால் காரணம் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறையும் கிடைமட்டத் துளையிடலும். 2023-இல் பைடன் காலத்தில் புதிய உச்சம் வந்தது. கூட்டாட்சி (மத்திய) அரசின் நிலத்தில் எண்ணெய் எடுப்பதற்கான புதிய குத்தகைகளை நிறுத்திவைத்து ஆட்சியைத் தொடங்கியவர் அவர். கூட்டாட்சி அரசின் நிலத்திலும் கடற்பகுதியிலும் கிடைப்பது மொத்தத்தில் சுமார் நான்கில் ஒரு பங்குதான். நாட்டின் உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தரும் டெக்சாஸில் பெரும்பாலும் தனியார் நிலம். அங்கே துளை போடுவதா வேண்டாமா என்பதை நில உரிமையாளரும் நிறுவனமும் முடிவு செய்கிறார்கள்.

நிறுவனங்கள் பார்ப்பது விலையை. 2014-இல் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனபோது, கடன் வாங்கித் துளை போட்ட பல நிறுவனங்கள் திவாலாயின. அதன் பிறகு முதலீட்டாளர்கள் "உற்பத்தி போதும், லாபத்தைக் கொடு" என்று பிடித்துக்கொண்டார்கள். "துளையிடு" என்று மேடையில் முழங்குவது எளிது. விலை விழும் என்று தெரிந்து யார் துளையிடுவார்? 2020 ஏப்ரலில் கொரோனாவால் தேவை சரிந்து, அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒரு நாள் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் வரை போனது, அதாவது எண்ணெயை எடுத்துச் செல்பவருக்கு விற்பவரே பணம் தர வேண்டிய நிலை. அந்த மாதம், உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி சவூதியையும் ரஷ்யாவையும் சமரசம் பேசி இணங்க வைத்தவர்களில் முக்கியமானவர் டிரம்ப். உள்நாட்டு எண்ணெய்த் தொழில் பிழைக்க, விலை ஏற வேண்டியிருந்தது. விலையும் குறைய வேண்டும், துளைகளும் பெருக வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்பவர்கள் இந்த மாதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குத்தகைக்கு விட்டாலே எண்ணெய் வந்துவிடும் என்பதும் இதே வகை. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தைத் திறப்பதா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 2017-இல் சட்டம் வழி திறந்தது. 2021 ஜனவரி ஏலத்தில் பெரிய நிறுவனங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை; 2025 ஜனவரி ஏலத்துக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய்த்தடத்தை உள்நாட்டு உற்பத்தியின் அடையாளமாகக் காட்டுவதும் பொருந்தாது: முக்கியமாக அது கனடா எண்ணெயைக் கொண்டுவரப் போடப்பட்ட திட்டம்.

கடைசியாக, உற்பத்தியை மட்டும் எண்ணிவிட்டு நுகர்வை விட்டுவிடுவது. அமெரிக்கா நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் பெட்ரோலியப் பொருள்களைச் செலவழிக்கிறது. 2005-இல் செலவழித்ததைவிட இது சற்றுக் குறைவு, மக்கள்தொகையும் பொருளாதாரமும் வளர்ந்த பிறகும். இறக்குமதி சரிந்ததில் ஷேலுக்குப் பெரிய பங்கு. கார்கள் குறைவாகக் குடிப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. ஏற்றுமதித் தடை போட்ட அதே 1975 சட்டம்தான் அவசரகால எண்ணெய்ச் சேமிப்பையும் கார்களுக்கான மைலேஜ் விதியையும் கொண்டுவந்தது. தடை 2015-இல் போய்விட்டது. சேமிப்பிலிருந்து 2022-இல் 18 கோடி பீப்பாய் விற்பதாக அறிவித்தார்கள். மைலேஜ் விதி ஏட்டில் இருக்கிறது. மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தை 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பூஜ்யமாக்கிவிட்டது.