பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்: ‘பிளாஸிப்ளி’யைத் தமிழில் கொண்டுவருவது எப்படி?

செய்தி மொழிபெயர்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமெரிக்க வழக்கு ஒன்றைப் பற்றிய செய்தியில் வந்த ‘பிளாஸிப்ளி’ (plausibly) என்ற ஆங்கிலச் சொல்லை ‘அநேகமாக’ என்று எழுதிவிட்டேன். மூத்த ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கேட்டார்: “அநேகமாக என்று நீதிபதி சொன்னாரா, நீ சொல்கிறாயா?”

அகராதியைப் பார்த்தால் ‘நம்பத்தகுந்த வகையில்’ என்று இருக்கும். தப்பில்லை. ஆனால் வாக்கியத்தில் வைத்தால் சோற்றில் கல் மாதிரி கடிபடும். எனக்கு வழி காட்டியது பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழிதான்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல். அந்தப் ‘பொருந்த’தான் பிளாஸிப்ளி. நடந்தது மெய்யா என்பது வேறு கேள்வி. கேட்டவர் “சரி, இருக்கலாம்” என்று தலையாட்டுவாரா என்பதே இங்கே விஷயம்.

ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்த மகன் “பஸ் பஞ்சர்” என்கிறான். பொருந்துகிறது. “யானை குறுக்கே வந்துவிட்டது” என்றால் வால்பாறையில் பொருந்தும். எங்கள் தாம்பரத்தில் பொருந்தாது. பஸ் பஞ்சராகியே இருக்காது என்று உள்ளுக்குள் தெரிந்தாலும், அவன் சொன்ன காரணம் பிளாஸிபிள்தான். ‘அநேகமாக’ என்று எழுதியதில் நான் சறுக்கியது இங்கேதான். அது ‘ப்ராபப்ளி’; நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

அமெரிக்க நீதிமன்றச் செய்திகளில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. 2007-இல் ட்வாம்ப்ளி வழக்கிலும் 2009-இல் இக்பால் வழக்கிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கை மேலே நடத்த விடலாமா என்று பார்க்க இதை அளவுகோலாகவே ஆக்கிவிட்டது. மனுவில் சொன்ன சம்பவங்கள் உண்மை என்றே வைத்துக்கொண்டு பார்த்தாலும், பிரதிவாதி மேல் தப்பு இருக்கிறது என்று நினைக்க நியாயம் இருக்க வேண்டும். ‘நடந்திருக்கக்கூடும்’ என்பது போதாது. ‘அநேகமாக நடந்தது’ என்ற அளவுக்கும் போக வேண்டியதில்லை. இப்போதெல்லாம் ‘பிளாஸிப்ளி அலெஜ்ட்’ என்று வந்தால் ‘நம்ப இடமிருக்கும்படி குற்றம்சாட்டியிருக்கிறார்’ என்று எழுதுகிறேன். ‘நிரூபித்தார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்றாட வாக்கியங்களில் இது பெரும்பாலும் ‘குட்’ (could), ‘கேன்’ (can) ஆகியவற்றை ஒட்டியே வரும். ‘ஹி குட் பிளாஸிப்ளி ஹேவ் மிஸ்ட் த பஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் உடைத்துவிடுங்கள்: ‘பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார் என்றால் நம்பலாம்.’ எதிர்மறை இன்னும் சுலபம். ‘ஹி கான்ட் பிளாஸிப்ளி க்ளெய்ம்’ என்று வந்தால் ‘அவர் அப்படிச் சொன்னால் எடுபடாது.’

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். நடுவில் வரும் ‘s’ பாம்பின் சீறல் இல்லை, தேனீயின் ரீங்காரம்; அதாவது ‘z’ ஒலி.

அப்புறம் இதோடு குழம்பக்கூடிய ‘கிரெடிப்ளி’ (credibly). அதில் சொல்பவரின் நம்பகத்தன்மையும் சேர்ந்துகொள்ளும். சான்று, அனுபவம், பெயர் எல்லாம் அதில் உண்டு. ‘இன்க்ரெடிப்ளி’யோ இன்று நம்பிக்கையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. ‘இன்க்ரெடிப்ளி டேஸ்ட்டி’ என்பது நாம் பிரியாணியைப் ‘பயங்கரமா இருக்கு’ என்று சொல்வது போலத்தான்.

லத்தீனில் கைதட்டலைக் குறிக்கும் சொல்தான் பிளாஸிபிளுக்கு வேர். கைதட்டல் வாங்குகிறவர் எல்லாம் யோக்கியரா என்ன? ஒரு மனிதரை ‘பிளாஸிபிள் ஃபெல்லோ’ என்றால் தேன் ஒழுகப் பேசி ஏமாற்றுகிறவர் என்ற வாடை அடிக்கும். நான் ஒருமுறை ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று எழுதிவைத்தேன். அதே சிவப்பு மை அன்றும் காப்பாற்றியது.