முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளியைக் கடைசியிலிருந்து தேடுங்கள்

உணவுப் பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது, பொட்டலமிடும் இடத்திலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு படியிலும் ‘இங்கே தப்பும் ஆபத்தைப் பின்னால் வரும் படி ஏதேனும் நீக்குமா?’ என்று கேளுங்கள்; நீக்காதெனில், முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி, அதாவது ஆபத்தைத் தவறாமல் தடுத்தாக வேண்டிய படி, பெரும்பாலும் அதுவே.

கும்பகோணத்துப் பால் பதனிடும் கூடத்தை எடுத்துக்கொண்டால், கறந்த பாலின் நோய்க்கிருமிகளை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்குவது அழித்துவிடுவதால், அவற்றைப் பொறுத்தவரை சூடாக்கும் படியே புள்ளியாகிறது. இதனால் பால் கொள்முதலில் தேவையற்ற பதிவேடுகள் குறையும். ஆனால் கேள்வியை ஒவ்வோர் ஆபத்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாடு தின்றால் பாலில் சேரும் அஃப்ளாடாக்சின் நச்சு அந்தச் சூட்டில் அழியாது. அதற்குக் கொள்முதல் சோதனையே புள்ளி, டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகையில் இதை மறக்கவே கூடாது.

கை கழுவுதல், தரைச் சுத்தம் போன்று அளவிடத்தக்க வரம்பு இல்லாதவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அவை பொதுச் சுகாதார நடைமுறையில் அடங்கும்.