வான்தூசைப் படமெடுக்கக் கொழும்பிலிருந்து கிளம்புமுன்

"போயாவுக்கு லீவுதானே, மன்னாருக்குப் போவோம்" என்று தொடங்கும் பயணத்தில் தூசு நெபுலா (நட்சத்திரங்களுக்கிடையே மங்கலாகத் தெரியும் தூசுமேகம்) கிடைக்காது. போயா என்றாலே முழுநிலவு. அன்றைக்கு மன்னார் வானமும் வெள்ளவத்தை வானம் மாதிரி வெளிறித்தான் கிடக்கும். லீவு போட்டாவது அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

அடுத்தது பில்டர். மொட்டைமாடியில் ஓரியன் நெபுலா எடுத்துப் பழகியவர்கள் டுவல் பேண்ட் பில்டரை (இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உள்ளே விடுவது) கழற்றாமலே வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஓர் இரவைத் தொலைத்தேன். ஓரியனில் வாயுவே ஒளிர்கிறது, அதுவும் ஐதரசனின் சிவப்பு, ஒட்சிசனின் பச்சைநீலம் என்று சில நிறங்களில். மற்றதை வெட்டினாலும் பெரிய நட்டமில்லை. தூசு அப்படியில்லை. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத்தான் சிதறடிக்கிறது, எல்லா நிறத்திலும். விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றி மஞ்சளாகவும் அதற்குப் பக்கத்திலுள்ள ரோ ஒபியூகி நட்சத்திரத்தைச் சுற்றி நீலமாகவும் தெரிவது அதுதான். பில்டர் போட்டால் அதில் பெரும்பகுதி உள்ளேயே வராது.

கேட்டை மார்ச் நடுவில் நள்ளிரவுக்குச் சற்று முன் எழும், விடியுமுன் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். சிக்கல் வடக்கில். வானத்தின் சுழற்சியோடு கமராவைத் திருப்பும் ட்ராக்கரைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேராக்க வேண்டும். துருவ நட்சத்திரம் மன்னாரில் 9 பாகைதான் உயரம், ஒரு பனைமரம் போதும் அதை மறைக்க. ட்ராக்கரை வைக்கும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு மணித்தியாலம் எடுத்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்பார்கள். படத்தின் இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். மங்கல் தூசுக்கு இரண்டு மூன்று இரவுகள்கூடப் போகும்.

அப்புறம் வீட்டில் நடக்கும் கொலை. வானத்தின் வெளிச்சச் சரிவை (ஒரு பக்கம் வெளிறி மறுபக்கம் இருள்வதை) நீக்க மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினேன். மூன்று மணித்தியாலம் சேர்த்த பழுப்புப் புகை ஒரு நொடியில் காணாமல் போனது. படம் முழுக்கப் பரவிய மங்கலான தூசையும் ஊர் வெளிச்சத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. வெறும் வானம் எதுவென்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரிப் புள்ளிகளைக் கையால், கொஞ்சமாக வையுங்கள். மிக இருண்ட இடம்தான் வெறும் வானம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கருந்தூசாகவும் இருக்கலாம். அதே பகுதியின் அகலமான படமொன்றை பக்கத்தில் திறந்துவைத்துப் பாருங்கள்.

சென்சரில் ஒட்டிய தூசும் படத்தை ஸ்ட்ரெச் செய்தால் (மங்கலானதைத் தெரியும்படி பிரகாசமாக்கினால்) வட்ட வட்டமாக நெபுலா போலவே எழும். அதற்குத்தான் ஃபிளாட், அதாவது சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து அந்தக் கறைகளை நீக்க உதவும் படம். விடிந்ததும் லென்ஸ் மேல் வெள்ளை டீ-சேர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி எடுங்கள். அதுவரை போகஸ் வளையத்தைத் தொடாதீர்கள், லென்ஸைக் கழற்றவும் வேண்டாம்.